ஹேண்டில் உயர்ந்தால் ஹோஸும் நீள வேண்டும்

என் பைக்கின் ஹேண்டில்பாருக்கு அடியில், அதை உயர்த்தும் 30 மி.மீ. ரைசர் வைத்த அன்று, முதுகுவலி போன சந்தோஷத்தில் நான் வேறு எதையும் பார்க்கவில்லை. தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகருக்குள் ஓட்டுவதற்குக் குனிந்த ஹேண்டில் போதும். ஆனால் அண்டர்பர்க் தாண்டி சானி கணவாய்ப் பக்கம் போனால் கல்லும் சரளையுமாக இருக்கும், ஃபுட்ரெஸ்டில் எழுந்து நின்றுதான் ஓட்ட வேண்டும். நின்றால் ஹேண்டில் கைக்கு எட்டாமல் முதுகு வளைகிறது. அதனால்தான் இங்கே பெரிய பைக் வைத்திருக்கும் பலர் ரைசர் போடுகிறார்கள். போடுவதற்கு அரை மணி நேரம் ஆகும், நான்கு போல்ட். பிரச்சினை அதற்கு அப்புறம்தான்: பிரேக் திரவம் போகும் ஹோஸ் (குழாய்) நீளம் போதாமல் போகும்.

ஒரு வாரம் கழித்துச் சங்கிலிக்கு எண்ணெய் விட சென்டர் ஸ்டாண்டில் ஏற்றினேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பல வருடம் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். டர்பனில் நாங்கள் இருக்கும் சாட்ஸ்வொர்த்தில் அவர் வயதுக்காரர்களில் இன்னும் நாலு வார்த்தை தமிழ் பேசுகிறவர் கிடைப்பதே அபூர்வம். "தம்பி, பின்னால கொஞ்சம் அழுத்து" என்றார். அழுத்தினேன். முன் சக்கரம் தரையை விட்டுத் தொங்கியது, அதைத் தாங்கும் ஃபோர்க் முழுக்க நீண்டது, பிரேக் ஹோஸ் வீணைக் கம்பி போல விறைத்து நின்றது. விரலால் தட்டினால் அதிர்ந்தது. ஒரு வாரமாக அந்த நிலையில்தான் ஓட்டியிருக்கிறேன்.

பைக் சும்மா நிற்கும்போது ஹோஸ் தளர்வாகத்தான் தெரிந்தது. பைக்கின் சொந்த எடையிலேயே ஃபோர்க் கொஞ்சம் அமுங்கியிருக்கும், நாம் ஏறி உட்கார்ந்தால் இன்னும் அமுங்கும். பள்ளத்தில் இறங்கும்போதோ மேடு தாண்டி முன் சக்கரம் மேலே வரும்போதோதான் அது முழுக்க நீளும். நீளம் போதாத ஹோஸ் அந்த நொடியில் அதன் நுனிகளில், அதாவது ரப்பர் குழாயும் உலோகக் கண்ணும் சேரும் இடத்தில், இழுபடும். இரண்டு, மூன்று முறை தாங்கும். எத்தனாவது முறை தாங்காது என்பதை யாரும் சொல்ல முடியாது.

முதல் தடவை செய்பவருக்காக, நான் செய்த தப்புகளையும் சேர்த்து எழுதுகிறேன்.

கழற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியது

எந்த ஹோஸ் எங்கே போகிறது என்று முதலில் விரலால் தடவிக்கொண்டே போய்ப் பாருங்கள். இரண்டு வகை உண்டு, இரண்டையும் சோதிக்கும் விதம் வேறு.

ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பிரேக் அமைப்பு) இல்லாத பைக்கில் முன் பிரேக் ஹோஸ், ஹேண்டிலில் இருக்கும் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து (லீவரை அழுத்தினால் திரவத்தைத் தள்ளும் பகுதி) நேராக ஃபோர்க்கில் இருக்கும் காலிப்பருக்கு (சக்கரத்தின் டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பகுதி) இறங்கும். ஹேண்டிலும் ஃபோர்க்கும் சேர்ந்தே திரும்புவதால், இடம் வலம் திருப்புவதால் இந்த ஹோஸுக்குப் பெரிய வித்தியாசம் வராது. அதற்கு எமன் ஃபோர்க் நீள்வதுதான். ஏபிஎஸ் உள்ள பைக்கில் கதை வேறு. மாஸ்டர் சிலிண்டரிலிருந்து ஹோஸ் டேங்குக்கு அடியிலோ சீட்டுக்கு அடியிலோ சட்டத்தோடு பொருத்தியிருக்கும் ஏபிஎஸ் பெட்டிக்குப் போகும், அங்கிருந்து இன்னொன்று காலிப்பருக்கு வரும். முதல் ஹோஸின் ஒரு முனை ஹேண்டிலோடு திரும்புகிறது, மறு முனை அசையாமல் நிற்கிறது. எனவே அதை ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பித்தான் பார்க்க வேண்டும். ஹேண்டிலை உயர்த்தினால் ஏபிஎஸ் பைக்கில் பெரும்பாலும் மாற்ற வேண்டியது இந்த மேல் ஹோஸ் ஒன்றைத்தான்.

கிளட்ச் கேபிள், ஆக்ஸிலரேட்டர் கேபிள், சுவிட்ச் ஒயர்கள் எல்லாம் எஞ்சினுக்கோ சட்டத்துக்கோ போவதால் அவற்றுக்கும் இதே சோதனைதான். ஹோஸில் மட்டும் கண்ணை வைத்துவிட்டு ஆக்ஸிலரேட்டர் கேபிளை மறப்பவர்கள் அதிகம். ஹேண்டிலைத் திருப்பும்போது கேபிள் இழுபட்டால் எஞ்சின் தானாகவே வேகம் எடுக்கும். ரோபாட்டில் (இந்த ஊரில் சிக்னலுக்கு அதுதான் பெயர்) மெதுவாக வளையும்போது அப்படி நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

சரி, ஹோஸ் குறைவாக இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. உடனே புதிது வாங்கக் கிளம்ப வேண்டாம். பல பைக்குகளில் ஹோஸ் ஒரு வளையத்துக்குள்ளோ கிளிப்புக்குள்ளோ நுழைந்து கொஞ்சம் சுற்றி வரும். கிளிப்பை இடம் மாற்றினாலோ கேபிளுக்கு முன்னால் போகும் ஹோஸைப் பின்னால் விட்டாலோ இரண்டு விரல்கடை நீளம் கிடைத்துவிடும். 20 மி.மீ. ரைசருக்கு இது சில சமயம் போதும். எனக்குப் போதவில்லை. இருக்கிற ஹோஸோடு சேர்த்துப் போடும் நீட்டிப்புத் துண்டுகளும் விற்கிறார்கள். ஒவ்வொரு கூடுதல் இணைப்பும் கசிவதற்கு இன்னொரு இடம். நான் அதை எடுக்க மாட்டேன்.

அளவு எடுப்பது

இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. மீதி எல்லாம் ஸ்பேனர் வேலை.

புது ஹேண்டிலை அதன் கடைசி நிலையில் வைத்து இறுக்குங்கள். லீவரின் கோணத்தையும் இப்போதே சரி செய்துவிடுங்கள். லீவரைத் திருப்பினால் மாஸ்டர் சிலிண்டரும் திரும்பும், ஹோஸ் புறப்படும் திசையும் மாறும். அப்புறம் முன் சக்கரத்தைத் தொங்க விடுங்கள். சென்டர் ஸ்டாண்ட் இருந்தால் பின்னால் ஒருவர் அழுத்தினால் போதும், இல்லையென்றால் எஞ்சினுக்கு அடியில் ஜாக் வையுங்கள்.

ஹோஸின் பாதையை எதைக் கொண்டு அளப்பது? நூல் வேண்டாம், நூல் மூலையில் மடங்கிக் குறைத்துக் காட்டும். பழைய கிளட்ச் கேபிளின் வெளி உறை நல்லது. அது ஹோஸைப் போலவே பெரிய வளைவாகத்தான் வளையும். அதை மாஸ்டர் சிலிண்டர் போல்ட்டின் நடுவிலிருந்து, கிளிப்புகள் வழியாக, காலிப்பர் போல்ட்டின் நடுவரை ஓடவிட்டுக் குறியிடுங்கள். ஏபிஎஸ் பைக் என்றால் இடம், வலம் இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, எது அதிகமோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சின்னக் கணக்கு. என் ரைசர் ஹேண்டிலை 30 மி.மீ. மேலேயும் 20 மி.மீ. பின்னாலும் கொண்டுவந்தது. இரண்டையும் சேர்த்தால் நேர்கோட்டில் 36 மி.மீ. நகர்வு. பழைய ஹோஸில் கொஞ்சம்கூடத் தளர்வு இல்லை என்று வைத்துக்கொண்டால் குறைந்தது அந்த 36 வேண்டும், வளைவுக்கு இன்னும் கொஞ்சம். நான் பழைய நீளத்தோடு 50 மி.மீ. சேர்த்தேன். "இருக்கட்டுமே" என்று 100, 150 சேர்க்காதீர்கள். ஃபோர்க் அமுங்கும்போது அந்த உபரி எங்கேயாவது புடைத்துக்கொண்டு வந்தாக வேண்டும். அது ஹெட்லைட்டின் முன்னாலோ டயரின் பக்கமோ வரும். நீள ஹோஸும் ஆபத்துதான், கொஞ்சம் வேறு மாதிரி.

வாங்கும்போது சொல்ல வேண்டியவை

ஹோஸின் இரு நுனியிலும் நடுவில் ஓட்டை உள்ள உலோகக் கண் இருக்கும். அதற்குப் பெயர் பாஞ்சோ. அதன் வழியாகப் போகும், உள்ளே துளையுள்ள போல்ட் பாஞ்சோ போல்ட். ஆர்டர் கொடுக்கும்போது நான்கு விஷயம் சொல்ல வேண்டும்.

நீளம்: கண்ணின் நடுவிலிருந்து கண்ணின் நடு வரை. கடைக்காரரும் அப்படித்தான் அளக்கிறாரா என்று கேட்டுவிடுங்கள்.

பாஞ்சோவின் கோணம்: நேராக, 20, 45, 90 டிகிரி என்று வரும். பழையதை மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் படம் எடுத்துக் காட்டுவது வாயால் விளக்குவதைவிட நல்லது. ஹேண்டில் உயர்ந்த பிறகு பழைய கோணமே சரியாக வரும் என்று நினைக்க வேண்டாம். என் பைக்கில் மேலே 45 இருந்தது, 20 போட்டபோதுதான் ஹோஸ் இயல்பாக விழுந்தது.

போல்ட்டின் மரை: பெரும்பாலும் 10 மி.மீ. விட்டம்தான், ஆனால் மரையின் இடைவெளி இரண்டு வகை. ஜப்பானிய பைக்குகளில் பொதுவாக 1.25. பிரெம்போ பிரேக் உள்ளவற்றிலும் பல ஐரோப்பிய பைக்குகளிலும் 1.0. கண்ணுக்கு இரண்டும் ஒன்று போலவே தெரியும். தப்பான போல்ட் இரண்டு சுற்று போய் இறுகும். "கொஞ்சம் டைட்டா இருக்கு" என்று ஸ்பேனரால் திருகினால் மாஸ்டர் சிலிண்டரின் அலுமினிய மரை போச்சு. ஹோஸ் வாங்கப் போன ஆள் மாஸ்டர் சிலிண்டர் வாங்கிக்கொண்டு வர வேண்டியதுதான். போல்ட்டை விரலாலேயே கடைசிவரை திருக முடிய வேண்டும்.

நான்காவது, வாஷர். செம்பு அல்லது அலுமினிய வாஷர்கள் ஒரு பாஞ்சோவுக்கு இரண்டு, மேலே ஒன்று, கீழே ஒன்று. ஒரே போல்ட்டில் இரண்டு பாஞ்சோ வந்தால் மூன்று. அவை நசுங்கித்தான் கசிவை அடைக்கின்றன, ஒரு முறை நசுங்கியது மறுபடி நசுங்காது. நான் முதல் தடவை பழைய வாஷரையே "நல்லாத்தானே இருக்கு" என்று போட்டேன். மறுநாள் காலை காலிப்பரின் அடியில் ஒரு சொட்டு தொங்கியது. எல்லாவற்றையும் மறுபடி கழற்றினேன். சில ரேண்டு மதிப்புள்ள வாஷருக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.

ரப்பரா, ஸ்டீல் பின்னலா என்று கேட்பார்கள். ஸ்டீல் கம்பி பின்னிய ஹோஸின் உள்ளே டெஃப்லான் குழாய் இருக்கும், அழுத்தத்தில் உப்பாது, லீவர் கெட்டியாக இருக்கும். தனியாக நீளம் சொல்லிச் செய்து வாங்கும்போது பெரும்பாலும் இதுதான் கிடைக்கும். மேலே பிளாஸ்டிக் உறை உள்ளதாகக் கேளுங்கள். வெறும் ஸ்டீல் பின்னல் அரம் மாதிரி, எதன் மேல் உரசுகிறதோ அதை அறுத்துக்கொண்டே போகும். தவிர டர்பனின் கடல் காற்றில் எந்த உலோகமும் சும்மா இருப்பதில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை, குறிப்பாக இந்த ஊர்க்காரர்களுக்கு. துறைமுகமும் ஆலைகளும் உள்ள ஊர் இது. ஜேக்கப்ஸ், ப்ராஸ்பெக்டன், பைன்டவுன் பக்கம் போனால் கிரேனுக்கும் லாரிக்கும் கரும்பு அறுக்கும் இயந்திரத்துக்கும் ஹைட்ராலிக் ஹோஸ் செய்து தரும் பட்டறைகள் உண்டு. பத்து நிமிடத்தில் வெட்டி, நுனி அழுத்தித் தந்துவிடுவார்கள், விலையும் குறைவு. அதை பிரேக்குக்குப் போடலாமே என்று தோன்றும். கூடாது. அந்த ஹோஸின் உள் ரப்பர் எண்ணெய்க்காகச் செய்தது. நாம் எல்லோரும் பிரேக் ஆயில் என்று சொல்கிறோமே, அது ஆயிலே இல்லை, கிளைக்கால் வகைத் திரவம். எண்ணெயைத் தாங்கும் ரப்பர் அதில் ஊறி உப்பிவிடும். அதேபோல பிரேக்குக்கான ரப்பரில் எஞ்சின் ஆயிலோ கிரீஸோ பட்டாலும் உப்பும். ஹோஸ் பிரேக்குக்கு என்றே செய்யப்பட்டதா, பிரேக் ஹோஸ் தரச்சான்று உண்டா என்று கேட்டு வாங்குங்கள்.

திரவத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ரிசர்வாயர் (மாஸ்டர் சிலிண்டரோடு இருக்கும் திரவக் கிண்ணம்) மூடியில் திரவத்தின் வகை டாட் 4 என்று எழுதியிருந்தால் டாட் 4-தான் ஊற்ற வேண்டும். டாட் 3, 4, 5.1 மூன்றும் கிளைக்கால் குடும்பம். டாட் 5 மட்டும் சிலிகான், பெயரைப் பார்த்து 5.1-இன் தம்பி என்று நினைத்துவிட வேண்டாம், இரண்டும் கலக்கக் கூடாது. கிளைக்கால் திரவம் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 4 குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த அளவு 155 வரை இறங்கலாம். சானியிலிருந்து இறங்கும்போதோ ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்தபடியே வரும்போதோ காலிப்பர் சூடாகி உள்ளே நீராவிக் குமிழி வந்தால், லீவர் எதையும் பிடிக்காமல் ஹேண்டில் வரை வந்துவிடும். டர்பனின் ஈரக்காற்றில் போன வருடம் திறந்து வைத்த பாதி பாட்டிலை நான் பயன்படுத்த மாட்டேன். சீல் உடைக்காத சின்ன பாட்டில், அரை லிட்டர் போதும். முடிந்தால் இந்த வேலையை ஜூன், ஜூலையில் வைத்துக்கொள்ளுங்கள், காற்றில் ஈரம் குறைந்திருக்கும்.

கழற்றுதல்

சாட்ஸ்வொர்த் முழுக்க மேடு பள்ளம். டிரைவ்வே சரிவில் இந்த வேலையைச் செய்யாதீர்கள், ரிசர்வாயரின் மட்டம் பொய் சொல்லும். சமதளத்தில் நிறுத்தி, மாஸ்டர் சிலிண்டர் மட்டமாக நிற்கும்படி ஹேண்டிலைத் திருப்பி வையுங்கள்.

தேவைப்படும் சாமான்கள்: ரிங் ஸ்பேனர்கள் (காற்றை வெளியேற்றக் காலிப்பரில் திறக்கும் பிளீட் நிப்பிள் பெரும்பாலும் 8 மி.மீ., பாஞ்சோ போல்ட் பெரும்பாலும் 12 அல்லது 14), இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரென்ச், நிப்பிளில் இறுக்கமாக மாட்டும் தெளிவான பிளாஸ்டிக் குழாய், ஒரு பழைய பாட்டில், மருந்துக்கடையில் கிடைக்கும் பெரிய ஊசிக்குழல், நிறையக் கந்தல் துணி, ஒரு வாளி தண்ணீர். தண்ணீர் எதற்கென்றால், பிரேக் திரவம் பெயின்டைத் தின்னும். துடைத்தால் மட்டும் போகாது, பட்ட இடத்தில் உடனே தண்ணீர் ஊற்ற வேண்டும். டேங்கையும் மட்கார்டையும் ஈரத்துணியால் மூடிவிடுங்கள். கண்ணாடி, கையுறை போட்டுக்கொள்ளுங்கள். மின்வெட்டு நடுவில் வந்தால் பாதி வேலையில் இருட்டில் நிற்பீர்கள், தலையில் மாட்டும் டார்ச் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும்.

முதலில் பழைய ஹோஸின் பாதையைப் போனில் நாலைந்து படம் எடுங்கள். ரிசர்வாயர் மூடியைத் திறந்து ஊசிக்குழலால் திரவத்தை உறிஞ்சி எடுங்கள். மூடியின் ஸ்குருக்கள் பழைய பைக்கில் சுலபமாகச் சிதையும், சரியான அளவு ஸ்குருடிரைவரை அழுத்திப் பிடித்துத் திருப்புங்கள். அப்புறம் காலிப்பர் நிப்பிளில் குழாயை மாட்டித் திறந்து, லீவரை மெதுவாக அழுத்தி மீதியை இறக்குங்கள். கடைசியாக, துணி சுற்றிக்கொண்டு மேல் போல்ட், கீழ் போல்ட். பழைய வாஷர் ஒன்று காலிப்பரில் ஒட்டிக்கொண்டிருக்கும், எடுக்க மறந்து அதன் மேலேயே புதியதை வைப்பது பொதுவான தப்பு.

ஹோஸ் இல்லாத நேரத்தில் லீவரை அழுத்தாதீர்கள். ஏபிஎஸ் பைக்கில் இன்னும் கவனம் வேண்டும். பெட்டிக்குள் இருக்கும் திரவம் வடிந்து காற்று புகுந்தால், சில மாடல்களில் அதை எடுக்க கம்பெனி கம்ப்யூட்டர் கருவி தேவைப்படும். மேல் ஹோஸைக் கழற்றிய உடனே பெட்டியின் துளையைச் சுத்தமான ரப்பர் மூடியால் அடைத்து, புதியதைத் தாமதிக்காமல் மாட்டிவிடுங்கள். இந்தத் தைரியம் வரவில்லை என்றால் அளவை மட்டும் நீங்கள் எடுத்துக்கொண்டு மாட்டும் வேலையை நல்ல பட்டறையிடம் கொடுப்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

மாட்டுதல்

புது ஹோஸைப் பாதையில் விட்டு இரண்டு போல்ட்டையும் வாஷர்களோடு கையால் மட்டும் திருகுங்கள். இறுக்கும் முன் ஹேண்டிலை ஆட்டி, முன்பக்கத்தை அமுக்கி, தூக்கி, ஹோஸ் தனக்கு வசதியான இடத்தில் உட்காரட்டும். உடம்பில் முறுக்கு இருக்கக் கூடாது. ஹோஸின் மேல் அச்சடித்த எழுத்து வரிசை நேராக ஓடுகிறதா, கொடி மாதிரி சுற்றுகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

இறுக்கும்போது போல்ட்டோடு சேர்ந்து பாஞ்சோவும் சுழலப் பார்க்கும், இன்னொரு கையால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். எவ்வளவு இறுக்குவது என்பதை உங்கள் பைக்கின் சர்வீஸ் கையேட்டில் பாருங்கள். ஸ்டீல் போல்ட்டுக்குப் பல பைக்குகளில் 23 முதல் 34 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும். ஹோஸோடு வந்த போல்ட் அலுமினியம் என்றால் அது தாங்குவது இன்னும் குறைவு, அதைத் தயாரித்தவர் சொன்ன அளவுதான். கைப்பழக்கத்தில் இறுக்குவேன் என்பவர்களை எனக்குத் தெரியும், அவர்களில் இரண்டு பேர் போல்ட்டை உடைத்திருக்கிறார்கள்.

காற்றை வெளியேற்றுதல்

பொறுமை வேண்டிய இடம் இதுதான். ஹோஸ் முழுக்கக் காற்று. ரிசர்வாயரை நிரப்பிவிட்டு லீவரை அடித்துக்கொண்டே இருந்தால் அரை மணி நேரத்துக்கு ஒன்றுமே நடக்காது போலிருக்கும். காற்று மேலே போக நினைக்கிறது, நாம் அதைக் கீழே தள்ளப் பார்க்கிறோம், அதுதான் காரணம்.

அதனால் நான் கீழிருந்து தொடங்குகிறேன். ஊசிக்குழலில் புதுத் திரவத்தை நிரப்பி, குழாயிலும் காற்றில்லாமல் செய்து, காலிப்பர் நிப்பிளில் மாட்டி, நிப்பிளை அரைச் சுற்றுத் திறந்து மெதுவாக மேலே தள்ளுகிறேன். ரிசர்வாயரில் குமிழிகள் பொங்கி வரும். வழியாமல் அவ்வப்போது உறிஞ்சி எடுக்க வேண்டும். ஏபிஎஸ் பைக்கில் இப்படிக் கீழிருந்து தள்ளலாமா என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். குமிழி நின்றதும் நிப்பிளை மூடிவிட்டு வழக்கமான முறைக்குப் போகிறேன்:

லீவரை மூன்று, நான்கு முறை மெதுவாக அழுத்தி, கடைசியில் அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். பிடித்தபடியே நிப்பிளைக் கால் சுற்றுத் திறங்கள். லீவர் தளர்ந்து ஹேண்டில் பக்கம் போகும், குழாயில் திரவமும் குமிழியும் வரும். லீவரை விடாமல் நிப்பிளை மூடுங்கள். மூடிய பிறகுதான் லீவரை விட வேண்டும். இந்த வரிசை மாறினால் வெளியே போன காற்று அப்படியே திரும்பி உள்ளே வரும். தனியாகச் செய்வது சிரமம், வீட்டில் யாரையாவது லீவரைப் பிடிக்கச் சொல்லுங்கள். என் மகள் "அழுத்து", "பிடி", "விடு" என்ற மூன்று சொல்லுக்கு ஒரு ஐஸ்கிரீம் கூலி வாங்கினாள்.

நான்கைந்து முறைக்கு ஒரு தடவை ரிசர்வாயரைப் பாருங்கள். கீழ்க்கோட்டுக்குக் கீழே போய்க் காற்றை உறிஞ்சிவிட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். முன்னால் இரண்டு டிஸ்க் என்றால் ஒன்றை முடித்து, அடுத்ததை முடித்து, மறுபடி முதலாவதற்கு வாருங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் லீவர் பஞ்சு மாதிரி இருந்தால், காற்று பெரும்பாலும் உச்சியில், மாஸ்டர் சிலிண்டரின் பாஞ்சோவில்தான் மாட்டியிருக்கும். ஹேண்டிலை உயர்த்திய பைக்கில் இது அதிகம், ஏனென்றால் ஹோஸ் இப்போது முதலில் கொஞ்சம் மேலே ஏறி வளைந்து இறங்கக்கூடும், அந்த வளைவில் குமிழி உட்கார்ந்துகொள்ளும். ஹேண்டிலைத் திருப்பி மாஸ்டர் சிலிண்டரை உயரத்தில் கொண்டுவந்து, ஹோஸை ஸ்குருடிரைவர் கைப்பிடியால் மெல்லத் தட்டுங்கள். லீவரைக் கொஞ்சம் கொஞ்சமாக, கால் பங்கு அளவுக்கே அசைத்தால் ரிசர்வாயரில் சிறு குமிழிகள் வரும். அதிலும் போகவில்லையா? துணி சுற்றிக்கொண்டு, லீவரை அழுத்திப் பிடித்தபடி மேல் பாஞ்சோ போல்ட்டை ஒரு நொடி தளர்த்தி, லீவரை விடும் முன் இறுக்கினால் காற்று சீறிக்கொண்டு போகும். முடிந்ததும் டார்க் ரென்ச்சால் மறுபடி சரி பாருங்கள்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் இன்னொன்று சொன்னார். இரவு லீவரை அழுத்தி, பழைய டியூபிலிருந்து வெட்டிய ரப்பர் பட்டையால் ஹேண்டிலோடு கட்டிவிட வேண்டும். காலையில் லீவர் இன்னும் கெட்டியாகி இருக்கும். எனக்கு ஆனது. பிளீட் செய்வதற்கு இது மாற்று அல்ல, கடைசியில் எஞ்சும் துளித்துளிக் காற்றுக்கு மட்டும். கூடவே ஒரு லாபம், கசிவு இருந்தால் இரவு முழுக்க அழுத்தத்தில் அது வெளியே வந்துவிடும். காலையில் வெள்ளை டிஷ்யூ காகிதத்தால் எல்லா இணைப்புகளையும் துடைத்துப் பாருங்கள், ஈரம் தெரியக் கூடாது.

ரிசர்வாயரை மேல்கோடு வரை நிரப்பி, உள்ளே இருக்கும் ரப்பர் உறையை மடித்து ஒழுங்காக்கி, மூடியை மூடுங்கள். நிப்பிளின் ரப்பர் தொப்பியை மறக்க வேண்டாம். எல்லாவற்றையும் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், டிஸ்க்கில் ஒரு சொட்டுக்கூட இருக்கக் கூடாது. டிஸ்க்கைப் பிடிக்கும் பேடில் திரவம் ஊறிவிட்டால் அந்தப் பேடு அவ்வளவுதான்.

ரோட்டுக்குப் போகும் முன்

ஒவ்வொரு சோதனைக்கும் பக்கத்தில் சொல்லியிருப்பதுதான் வர வேண்டிய விடை. முன் சக்கரத்தைத் தொங்க விட்டு இடம், வலம் முழுக்கத் திருப்புங்கள்: எங்கேயும் விறைப்பு இல்லை. இறக்கி, முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஃபோர்க்கை முழு பலத்தோடு அமுக்குங்கள்: ஹோஸ் டயரிலோ ஹெட்லைட்டிலோ படவில்லை. எஞ்சினை ஸ்டார்ட் செய்து, நியூட்ரலில் இரண்டு பக்கமும் திருப்புங்கள்: எஞ்சின் சத்தம் மாறவில்லை. கிளட்ச் லீவரின் தளர்வு (ஃப்ரீ பிளே) இரண்டு பக்கமும் ஒரே அளவு. லீவரை அழுத்தி ஒரு நிமிடம் பிடியுங்கள்: மெல்ல மெல்ல உள்ளே போகவில்லை. அடிக்க அடிக்கக் கெட்டியாகிறது என்றால் உள்ளே இன்னும் காற்று இருக்கிறது என்று அர்த்தம், மறுபடி நிப்பிளுக்குப் போங்கள். பிரேக் விளக்கு எரிகிறதா, லீவரை விட்டதும் சக்கரம் தடையில்லாமல் சுற்றுகிறதா என்பதையும் பாருங்கள்.

முதல் ஓட்டம் நடை வேகத்தில், வீட்டுத் தெருவில், பின் பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே. பிறகு 30, 40 கி.மீ. வேகத்தில் சில முறை நிறுத்திப் பாருங்கள். ஸ்டீல் ஹோஸ் போட்டால் முன்பைவிட சட்டென்று பிடிக்கும், கை பழக இரண்டு நாள் ஆகும். 100 கி.மீ. ஓடியதும் டார்ச் அடித்து இணைப்புகளை இன்னொரு முறை பாருங்கள். நான் அதற்குப் பிறகுதான் ஹைவே ஏறினேன், அதற்கும் இரண்டு வாரம் கழித்துத்தான் சானி.

வடித்த பழைய திரவத்தைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றாதீர்கள், பழைய எஞ்சின் ஆயிலோடும் கலக்காதீர்கள், தனிப் பாட்டிலில் மூடிப் பெயர் எழுதி, அபாயக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். புதுத் திரவத்தை மாற்றிய தேதியை மாஸ்கிங் டேப்பில் எழுதி சீட்டுக்கு அடியில் ஒட்டிவிடுங்கள். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும் என்பது பெரும்பாலான கையேடுகளில் உள்ளது. ரப்பர் ஹோஸுக்கும் ஆயுள் உண்டு, பல ஜப்பானிய கையேடுகளில் அது நான்கு வருடம். எனவே மேல் ஹோஸை மாற்றும்போது கீழே இருப்பது பத்து வருடப் பழசாக இருந்தால், எப்படியும் பிளீட் செய்யத்தானே போகிறோம், அதையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.

பழைய ஹோஸை எறிய வேண்டாம். அதில் ஒரு துண்டுக் காகிதத்தைக் கட்டி, பழைய நீளம், புது நீளம், இரண்டு நுனிக் கோணம், மரை இடைவெளி நான்கையும் எழுதி கராஜ் ஆணியில் மாட்டி வையுங்கள். பைக்கை விற்கும்போது வாங்குகிறவர் பழைய ஹேண்டிலைக் கேட்டால் அதையும் சேர்த்தே கொடுக்கலாம்.